நந்தினியின் வழக்கு

அலங்காரத்தைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஒரு பங்காளிச் சண்டைதான். சுந்தர சோழர் நோயில் படுத்திருக்கிறார். பட்டம் மூத்த மகன் ஆதித்த கரிகாலனுக்கா, பெரியப்பா கண்டராதித்தர் வழிவந்த மதுராந்தகனுக்கா என்று கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் கூடிப் பேசுகிறார்கள். அப்பா விட்டுப்போன வீட்டுக்காகக் கோர்ட் படியேறிய அண்ணன் தம்பிகளை ஜொகூரிலும் பார்த்திருக்கிறோம். நமக்கு இது புரியாத கதையல்ல.

கல்கி இதைத் தீர்த்துவைக்கும் விதம் இதமானது. தனக்கு வந்த மகுடத்தைக் கரிகாலனின் தம்பி அருள்மொழிவர்மன், கண்டராதித்தரின் உண்மையான மகன் சேந்தன் அமுதன் தலையில் வைத்துவிடுகிறான். குடும்பத்தின் மானம் பிழைத்தது. எனக்கு இடறுவது நந்தினி.

அரண்மனைக்கு ஆகாதவள் என்று சிறுவயதிலேயே விலக்கப்பட்டவள் அவள். காயம்பட்டுக் கிடந்த பாண்டிய மன்னன் வீரபாண்டியனைக் கொல்ல வேண்டாம் என்று கரிகாலனிடம் கெஞ்சுகிறாள். அவன் அவள் கண்ணெதிரே தலையை வெட்டுகிறான். பிறகு அவள் செய்ததெல்லாம் நமக்கு மனப்பாடம்: கிழவர் பழுவேட்டரையரை மயக்கினாள், பாண்டியனின் ஆபத்துதவிகளோடு சேர்ந்து கரிகாலனைக் கடம்பூரில் கொல்லச் சதி செய்தாள். அந்த முதல் வெட்டை மட்டும் வேகமாகப் புரட்டிவிடுகிறோம்.

இதே கணக்கை ஜொகூர் மலாய்க்காரர்கள் வேறு மாதிரி போட்டிருக்கிறார்கள். ஜொகூர் பாருவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் கோத்தா திங்கி. அங்கே மசக்கையில் இருந்த டாங் ஆனும் என்ற பெண், சுல்தான் மாமுட் தோட்டத்துப் பலாச்சுளை ஒன்றைத் தின்றுவிட்டாள். வயிற்றைக் கிழித்துப் பார்க்க உத்தரவாயிற்று. கணவர் மெகாட் ஸ்ரீ ராமா அப்போது சண்டைக்குப் போயிருந்தார். திரும்பிவந்தவர், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பல்லக்கில் சென்ற சுல்தானைக் குத்திக் கொன்றார். சாகும் சுல்தான் எறிந்த ஆயுதம் அவரையும் கொன்றது. மெகாட் வம்சத்தார் ஏழு தலைமுறைக்கு அந்த ஊரில் கால் வைத்தால் ரத்தம் கக்குவார்கள் என்று சாபமும் விழுந்தது.

பலாச்சுளை கர்ணபரம்பரை, கொலை நிஜம், 1699-இல் நடந்தது. பெண்டஹாராவாக (தலைமை அமைச்சராக) இருந்த அப்துல் ஜாலில் சுல்தானானார். 1718-இல் ராஜா கெச்சில் என்பவர், கொல்லப்பட்டவரின் மகன் நான்தான் என்று வந்து ஜொகூரையே பிடித்தார். கல்கி கையில் கிடைத்திருந்தால் இன்னும் ஐந்து பாகம் எழுதியிருப்பார்!

அரச துரோகத்தைப் பெரும்பாவமாகக் கருதிய சமூகம் அது. ஆனாலும் சுல்தானுக்கும் அவரைக் கொன்றவருக்கும் அதே வட்டாரத்தில் சமாதி வைத்து இருவரையும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மன்னன் மன்னன்தான், அவன் செய்தது அக்கிரமம்தான் என்று இரண்டையும் சொல்ல அவர்களுக்கு வாய் வந்தது.

நாம் எங்கே நிற்கிறோம்? உடையார்குடிக் கல்வெட்டு கரிகாலனைக் கொன்றவர்களாக ரவிதாசன், சோமன், பரமேஸ்வரன் முதலியோரைச் சொல்கிறது. ராஜராஜன் ஆன அருள்மொழிவர்மன் ஆட்சியில் அவர்களுடைய உறவினர்களின் நிலமும் பறிபோனது. அண்ணன் கொலைக்கு மாமன் மச்சான் வரை தண்டம். அந்தக் கல்வெட்டில் நந்தினி இல்லை. அவள் கல்கியின் கற்பனை. வெறும் அரசியல் கொலைக்கு ஒரு பெண்ணின் வயிற்றெரிச்சலைக் காரணமாக வைத்தவர் அவரேதான். அவர் அதைச் சும்மா வைக்கவில்லை. கொன்றவன் யார் என்று கடைசிவரை தெளிவாகச் சொல்லாமல் விட்டதும் சும்மா அல்ல.

கடம்பூரில் கத்தியை வீசியது யாராகவும் இருக்கட்டும். கரிகாலன் சாவுக்கு முதல் குற்றவாளி கரிகாலனே என்பது என் தீர்ப்பு. மறுப்பவர்கள் நாவலை மறுபடி ஒருமுறை படித்துவிட்டு எழுதுங்கள்.