வயிற்று வலி விடியும் வரை பொறுக்குமா?

மும்பையானாலும் டில்லியானாலும், மெஸ் சாப்பாட்டில் காலம் தள்ளும் தமிழர்களுக்கு வயிற்று வலி புதிதல்ல. அதை ஒரு வியாதியாகவே அவர்கள் மதிப்பதில்லை. ஒரு சோடா, கொஞ்சம் ஓமத் தண்ணீர், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஒரு மாத்திரை. அத்துடன் ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். ஊருக்கு அனுப்பும் பணத்தில் துண்டு விழும்.

பெரும்பாலும் அந்த வலி தானாகவே போய்விடுகிறது. அதனால்தான் போகாத வலியையும் அதே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். ஆனால் இரைப்பையிலோ குடலிலோ ஓட்டை விழுந்து உண்டாகும் வலி அந்தக் கணக்கில் சேராது. அநேகமாக அதற்கு ஆபரேஷன்தான் வழி. அதுவும் நாளைக்கு அல்ல, இன்றைக்கே.

இது டாக்டர்கள் பயமுறுத்துவதற்காகச் சொல்லும் பேச்சல்ல. ஆயிரக்கணக்கான நோயாளிகளைக் கவனித்து ஆராய்ச்சியாளர்கள் போட்டிருக்கும் கணக்கு.

ஒரு மணி நேரத்தின் விலை

டென்மார்க் நாட்டில் 2003 முதல் 2009 வரை, வயிற்றுப் புண் முற்றி ஓட்டை விழுந்து ஆபரேஷன் செய்துகொண்ட 2,668 பேரின் விவரங்களை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். முடிவு 2013-ல் வெளியாயிற்று. ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் 24 மணி நேரத்தில், ஆபரேஷன் ஒவ்வொரு மணி நேரம் தள்ளிப்போகும்போதும் நோயாளி பிழைக்கும் வாய்ப்பு 2.4 சதவிகிதம் குறைந்துகொண்டே வந்தது!

டென்மார்க் சகல வசதிகளும் உள்ள பணக்கார நாடு. அங்கேயே இந்த நிலைமை. தவிர, ஆஸ்பத்திரிக்குள் கழிந்த நேரத்தை மட்டுமே இந்தக் கணக்கு சொல்கிறது. வீட்டில் சுருண்டு படுத்துக் கிடந்த நேரம் இதில் சேரவில்லை. அறையில் தனியாகப் படுத்து, விடியட்டும் என்று காத்திருக்கும் தொழிலாளி, ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும் முன்பே பல மணி நேரத்தை இழந்துவிடுகிறார்.

சண்டிகாரில் 504 பேர்

இந்தியாவில் இந்த நோய் யாரைத் தாக்குகிறது? சண்டிகார் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இப்படி வந்து சேர்ந்த 504 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2006-ல் வெளியாயிற்று. அவர்களின் சராசரி வயது 37 கூட ஆகவில்லை. பெரும்பாலோர் ஆண்கள். அதாவது குடும்பத்தைத் தாங்கி நிற்கும் வயது.

இவர்களில் 289 பேருக்கு முன்சிறுகுடலில் இருந்த அல்சர் வெடித்திருந்தது. 59 பேருக்கு குடல்வால் கெட்டு ஓட்டை. 45 பேருக்கு வயிற்றில் பட்ட அடி. 41 பேருக்கு டைபாய்டு. 20 பேருக்கு குடலில் காசநோய். ஆபரேஷனுக்குப் பிறகு நாலில் ஒருவருக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்தது. நூற்றுக்குப் பத்துப் பேர் இறந்து போனார்கள்.

வலி குறைவது நல்லதா?

ஓட்டை விழுந்ததும் இரைப்பையில் உள்ள அமிலமும் உணவும் வயிற்றுக்குள் கொட்டிப் பரவுகின்றன. கத்தியால் குத்தியது போல் திடீரென்று வலி வரும். வயிறு பலகை போல் விறைத்துவிடும். புரண்டு படுத்தாலும் இருமினாலும் வலி உயிர் போகும். ஆகவே நோயாளி ஆடாமல் அசையாமல் கிடப்பார்.

சில மணி நேரம் கழித்து ஒரு வேடிக்கை நடப்பதுண்டு. வலி கொஞ்சம் தணிந்தது போல் தோன்றும். வயிற்றுக்குள் சுரக்கும் நீர், கொட்டிய அமிலத்தின் காரத்தைக் குறைப்பதே இதற்குக் காரணம். "பரவாயில்லை, மாத்திரை கேட்டுவிட்டது" என்று நோயாளி நினைத்துக்கொள்வார். உள்ளே கிருமிகள் பெருகிக்கொண்டிருக்கும். பிறகு வயிறு உப்பும், நாடி வேகமாக ஓடும், விஷம் இரத்தத்தில் கலந்து சிறுநீர் குறையும், மூச்சு வாங்கும். அந்த நிலையில் கொண்டுபோனால் கெட்டிக்கார டாக்டருக்கும் கை கொடுப்பது கஷ்டம்.

டைபாய்டில் வேறு மாதிரி. அநேகமாகக் காய்ச்சலின் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் குடல் ஓட்டையாகும். காய்ச்சலில் துவண்டு கிடப்பவருக்கு வலி அவ்வளவாக வெளியே தெரியாமலும் போகலாம். வயிறு உப்பினால் உடனே காட்ட வேண்டும்.

ஆபரேஷன் பழையது, பாடம் புதியது

நிற்க வைத்து ஓர் எக்ஸ்ரே எடுத்தால், ஈரலுக்கு மேலே காற்று தேங்கியிருப்பது பலருக்குத் தெரிந்துவிடும். சந்தேகம் தீராவிட்டால் ஸ்கேன் எடுப்பார்கள். சலைன் ஏற்றி, கிருமிகளைக் கொல்லும் ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் காலி செய்வார்கள். பிறகு வயிற்றைத் திறந்து கழுவி, குடலின் மேல் திரை போல் தொங்கும் கொழுப்புச் சவ்வை இழுத்து ஓட்டையின் மேல் வைத்துத் தைப்பார்கள். கனடா நாட்டு சர்ஜன் ராஸ்கோ கிரஹாம் 1937-ல் எழுதிய இந்த முறை இன்றும் கைவிடப்படவில்லை.

ஆபரேஷன் ஒன்றுதான், பலன் மட்டும் எல்லா நாட்டிலும் ஒன்றாக இல்லை. 58 நாடுகளில் அவசர வயிற்று ஆபரேஷன் செய்துகொண்ட 10,745 பேரைப் பற்றிய ஆய்வு 2016-ல் வெளியாயிற்று. முன்னேறிய நாடுகளில் 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 4.5 சதவிகிதம். நடுத்தர நாடுகளில் 6 சதவிகிதம். பின்தங்கிய நாடுகளில் 8.6 சதவிகிதம். நோயின் கடுமையைக் கழித்துப் பார்த்த பிறகும் இந்த வித்தியாசம் மறையவில்லை.

வித்தியாசத்தைக் குறைக்கக் கோடிக்கணக்கில் செலவழிக்க வேண்டுமா? இந்தியா உட்பட ஏழு நாடுகளில் நடந்த இரண்டு பரிசோதனைகள் சுவையான பதிலைத் தந்தன. கிருமிநாசினி தடவிய விசேஷ நூலால் தைத்தால் சீழ் பிடிப்பது குறையுமா என்று 5,788 பேரிடம் பார்த்தார்கள். பிரயோசனம் தெரியவில்லை என்று 2021-ல் அறிவித்தார்கள். அடுத்ததாக, வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன் டாக்டரும் நர்ஸும் கையுறையையும் கருவிகளையும் மாற்றிக்கொண்டால் என்ன என்று 81 ஆஸ்பத்திரிகளில் 13,301 பேரிடம் சோதித்தார்கள். சீழ் பிடித்தவர்கள் 18.9 சதவிகிதத்திலிருந்து 16 சதவிகிதமாகக் குறைந்தார்கள். இது வெளியானது 2022-ல். சீழ் பிடித்தால் மேலும் பல வாரம் வேலைக்குப் போக முடியாது என்பதை எண்ணினால், ஒரு ஜோடி கையுறையின் அருமை தெரியும்.

மறுபடி வராமலிருக்க

தையல் பிரித்ததும் கதை முடிந்துவிடவில்லை. அல்சருக்குப் பெரும் காரணம் ஹெலிகோபாக்டர் என்ற கிருமி. இதைக் கண்டறிந்த ஆஸ்திரேலிய டாக்டர்கள் மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஓட்டை அடைக்கப்பட்ட நோயாளிகளை ஹாங்காங்கில் ஒரு வருடம் கழித்துப் பரிசோதித்தார்கள். கிருமிக்கும் சேர்த்து மருந்து சாப்பிட்டவர்களில் 4.8 சதவிகிதம் பேருக்கே மறுபடி புண் இருந்தது. அமிலத்துக்கு மட்டும் மருந்து சாப்பிட்டவர்களிலோ 38.1 சதவிகிதம்! ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும்போது இந்தக் கிருமியைப் பற்றி டாக்டரிடம் கேட்பது நலம்.

உடம்பு வலிக்கு அடிக்கடி போடும் வலி மாத்திரைகளும், பீடி சிகரெட்டும் அல்சருக்கு அடுத்த காரணங்கள். மூட்டை தூக்குகிறவர்களும் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். டைபாய்டைத் தடுக்கக் கொதித்து ஆறிய தண்ணீரும் தடுப்பூசியும் இருக்கின்றன. நவி மும்பையில் 2018-ல் நகரசபையே குழந்தைகளுக்கு இந்த ஊசியைப் போட்டது.

அறைத் தோழர்களின் பொறுப்பு

வெளியூரில் தனியாக இருப்பவருக்கு இந்த வலி வந்தால், முடிவு எடுக்க வேண்டியவர்கள் கூட இருப்பவர்களே. சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்கக்கூடாது. பேதி மருந்து கூடவே கூடாது. வலி ஆரம்பித்த நேரத்தையும், சாப்பிட்ட மாத்திரைகளின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு, 108-க்குப் போன் செய்தோ டாக்சி பிடித்தோ சர்ஜன் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மராத்தியோ இந்தியோ வராதவருக்கு அந்தச் சீட்டே பேசும்.

"படுக்கை இல்லை, நாளைக்கு வா" என்று சொன்னால் மிரண்டு திரும்ப வேண்டியதில்லை. அவசர நோயாளிக்கு உடனடி சிகிச்சை அளிப்பது டாக்டரின் கடமை என்று சுப்ரீம் கோர்ட் 1989-ல் தீர்ப்பளித்தது. ரயிலிலிருந்து விழுந்து பல ஆஸ்பத்திரிகளில் திருப்பி அனுப்பப்பட்ட வங்காளத் தொழிலாளி ஒருவரின் வழக்கில், அரசு ஆஸ்பத்திரி அப்படி மறுப்பது உயிர் வாழும் உரிமையைப் பறிப்பதாகும் என்று 1996-ல் மறுபடியும் கூறியது.

கூலி போகிறதே என்ற கவலை நியாயமானதுதான். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள், அதற்குரிய சந்தா கட்டியிருந்தால், வருடத்தில் 91 நாட்கள் வரை 70 சதவிகிதச் சம்பளம் பெற வழியுண்டு. அட்டை இல்லாதவருக்கு நஷ்டம் நஷ்டம்தான். ஆனாலும் ஒரு நாள் கூலியை மிச்சம் பிடிக்கப் போய், ஒரு வீட்டின் முழு வருமானத்தையும் பணயம் வைக்கலாமா? பலகை போல் விறைத்த வயிறு விடியும் வரை பொறுக்காது. இரவு இரண்டு மணி என்றாலும் கதவைத் தட்டி ஆளை எழுப்பிக் கிளம்புவதே புத்திசாலித்தனம்.