பிரௌசருக்காக நடந்த வழக்கு

பிரௌசரைத் தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை. இதற்காகவே அமெரிக்காவில் ஒரு பெரிய வழக்கு நடந்தது தெரியுமா?

விண்டோஸுடன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைச் சேர்த்துக் கொடுத்து, போட்டியாளரான நெட்ஸ்கேப்பை மைக்ரோசாஃப்ட் நசுக்குவதாக 1998 மே மாதம் அமெரிக்க அரசு வழக்குத் தொடர்ந்தது. அரசுத் தரப்பில் வாதாட, தனியார் வழக்கறிஞரான டேவிட் பாய்ஸ் அமர்த்தப்பட்டார். பில் கேட்ஸிடம் அவர் நடத்திய விசாரணையின் வீடியோ கோர்ட்டில் காட்டப்பட்டது. கேட்ஸின் பழைய ஈமெயில்களே அவருக்கு எதிரான சாட்சிகளாயின!

நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்க 2000-ல் தீர்ப்பானது. 2001-ல் மேல்முறையீட்டில் அது ரத்தானாலும், ஏகபோகத்தைக் காக்க மைக்ரோசாஃப்ட் சட்டத்தை மீறியது உறுதியானது. பின்னர் ஏற்பட்ட சமரசத்தால், எக்ஸ்ப்ளோரர் ஐகானை மறைத்து வேறு பிரௌசரை அமைக்கும் வசதி 2002-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு வந்தது.

உங்கள் விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ் என்று சென்று, பிடித்த பிரௌசரை நீங்களே அமைத்துக் கொள்ளுங்கள்.