காலுக்குக் கீழே கரையும் பாறை

2014 பிப்ரவரி 12. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பௌலிங் கிரீன்னு ஒரு நகரம். விடியற்காலை ஐந்தரை மணி தாண்டினதும் அங்கே இருக்கிற கார்வெட் கார் மியூசியத்தில் அலாரம் அடிச்சது. திருடன் யாரும் வரலை. ஹாலின் தரை உள்வாங்கி, எட்டு கார்கள் பள்ளத்துக்குள்ள கிடந்தன. பள்ளம் சுமார் 40 அடி அகலம், 30 அடி ஆழம். அந்த நேரத்தில் உள்ளே ஆள் இல்லாததால யாருக்கும் அடி படலை.

நிலநடுக்கம் எதுவும் இல்லை. கட்டடம் நின்னது சுண்ணாம்புப் பாறை மேல. பாறைக்குள்ள ஒரு குகை இருந்தது. அதோட கூரை உடைஞ்சது, அவ்வளவுதான்.

சிவில்காரங்க சமாச்சாரம்னு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. அந்தக் குகை எப்படி வந்ததுன்னு தெரிஞ்சா, குடிக்கிற தண்ணியைப் பத்தியும் ஒரு முக்கியமான விஷயம் புரியும்.

பாறை எப்படிக் கரையும்?

மழைத்துளி வரும்போதே காற்றில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடைக் கொஞ்சம் கரைச்சுக்கிட்டு வரும். மண்ணுக்குள் இறங்கும்போது இன்னும் நிறைய சேரும். வேர்களும் நுண்ணுயிர்களும் சுவாசிக்கிறதால, மண்ணுக்குள்ள இந்த வாயு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அதிகம். தண்ணியும் இந்த வாயுவும் சேர்ந்தா கார்பானிக் அமிலம். சோடாவில் இருக்கிற அதே அமிலம்தான், ரொம்ப நீர்த்த நிலையில். சுண்ணாம்புக்கல் என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டதும் அது கால்சியம் பைகார்பனேட்டா மாறி, தண்ணியோட கரைஞ்சு போயிடும்.

இதே வினையைத் தலைகீழா நீங்க ஹாஸ்டலில் பார்த்திருப்பீங்க. வாட்டர் ஹீட்டர் காயில் மேல வெள்ளையா படியுமே, "உப்பு படிஞ்சிருக்கு"ன்னு சொல்வோமே, அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்தான். சூடாக்கும்போது வாயு வெளியேறிடும், கரைஞ்சது திரும்பக் கல்லாகிடும்.

சரி, கரையுறது ஏன் குகையாகணும்? பாறை முழுக்க ஒரே சீரா தேயலாமே? ஆரம்பத்தில் பாறையில் இருக்கிறது முடி அளவு விரிசல்கள். அதில் ஒண்ணு மத்ததைவிடக் கொஞ்சம் அகலமா இருந்தா, அது வழியா அதிகத் தண்ணி போகும். அதிகத் தண்ணி போனா அதிகமா கரையும். கரைஞ்சா இன்னும் அகலமாகும். பக்கா பாசிட்டிவ் ஃபீட்பேக்! காலம் போகப் போக ஒரு சில விரிசல்கள் மட்டும் குழாயாகி, குகையாகிடும். பௌலிங் கிரீனுக்குப் பக்கத்தில் இருக்கிற மாமத் குகை இப்படி வந்ததுதான். இதுவரை அளந்தது மட்டுமே 680 கி.மீ.க்கு மேல. உலகிலேயே நீளமான குகை அதுதான்.

இந்த மாதிரி நிலத்துக்கு கார்ஸ்ட்னு பேர். ஸ்லோவேனியா, இத்தாலி எல்லையில் இருக்கிற ஒரு சுண்ணாம்புப் பீடபூமியோட பேரிலிருந்து வந்தது. ஓடிக்கிட்டிருக்கிற ஓடை திடீர்னு தரைக்குள்ள போகும். கிண்ணம் மாதிரி பள்ளங்கள் இருக்கும். எங்கேயோ தூரத்தில் பெரிய ஊற்றாக அந்தத் தண்ணி வெளியே வரும். ஜிப்சமும் பாறை உப்பும் அமிலம் இல்லாமலே தண்ணியில் கரையும் என்பதால், அங்கே எல்லாமே இன்னும் வேகமா நடக்கும்.

கடைசி நாள் வரை தெரியாது

மியூசியத்தில் நடந்த மாதிரி பாறைக் கூரையே உடையுறது அபூர்வம். அதிகமா நடக்கிறது வேற. பாறைக்கு மேல இருக்கிற மண், விரிசல் வழியா கொஞ்சம் கொஞ்சமா கீழே அரிச்சுப் போகும். மண்ணுக்குள்ள ஒரு வெற்றிடம் உண்டாகி மேல்நோக்கி வளரும். மேலே புல்லும் ரோடும் கடைசி நாள் வரை அப்படியே இருக்கும். கசியுற குழாய், ஒரே இடத்தில் கொண்டுவந்து விடுற மழைநீர், அளவுக்கு மீறி உறிஞ்சுற நிலத்தடி நீர், இது மூணுமே இதை வேகப்படுத்தும். நாலு இடத்தில் துளை போட்டு "பாறை வந்துடுச்சு"ன்னு எழுதிட்டா போதாது. ரெண்டு துளைக்கு நடுவில் குகை இருக்கலாம். அதனாலதான் ரெசிஸ்டிவிட்டி, மைக்ரோகிராவிட்டி சர்வே எல்லாம் தேவைப்படுது.

ஊருக்கு அடியில் ஒரு ஆறு

குழியைவிடப் பெரிய பிரச்சினை தண்ணி. மாமத் குகைக்குப் பக்கத்திலேயே ஹார்ஸ் கேவ்னு ஒரு சின்ன ஊர். ஊர் நடுவிலேயே குகையின் வாய், உள்ளே ஓடுற ஆறு. பேரே ஹிடன் ரிவர் குகை. ஒரு காலத்தில் அந்த ஆறுதான் ஊருக்குத் தண்ணி கொடுத்தது. குகையைப் பார்க்க டூரிஸ்ட்டுகளும் வந்தாங்க. ஆனா ஊரின் கழிவுநீரும் தரைக்குள்ளதான் போனது. விளைவு, 1943ல் குகையை மூடினாங்க. நாற்றம் தெருவரைக்கும் வந்தது.

மணலில் தண்ணி மெதுவா நகரும், நிறைய வடிகட்டப்படும். கார்ஸ்டில் அது குழாயில் ஓடுற மாதிரி ஒரே நாளில் கிலோமீட்டர் கணக்கில் போயிடும். வடிகட்டி கிடையாது. 1970களில் மாமத் குகைத் தேசியப் பூங்காவில் வேலை பார்த்த புவியியலாளர் ஜேம்ஸ் குயின்லன், ஒரு இடத்தில் தண்ணியில் சாயம் கலந்து, அது எந்த ஊற்றில் வெளியே வருதுன்னு பார்த்தே அந்தப் பகுதியின் நிலத்தடி வழிகளை வரைபடமாக்கினார். 1989ல் புதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. குகை மெல்ல மெல்லத் தெளிஞ்சது. சில வருஷத்தில் மறுபடியும் திறந்தாங்க. கண்ணில்லாத குகை மீன்களும் திரும்பி வந்துடுச்சு.

தமிழர்கள் வாழுற கார்ஸ்ட் ஒண்ணும் இருக்கு: யாழ்ப்பாணக் குடாநாடு. அடியில் முழுக்க சுண்ணாம்புக்கல். வருஷம் முழுக்க ஓடுற ஆறு கிடையாது, குடிக்கவும் தோட்டத்துக்கும் கிணறுதான். அங்கே பல கிணறுகளில் நைட்ரேட் கூடியிருக்கு. உரமும் மலக்குழிக் கசிவும் முக்கியக் காரணங்கள். அங்குள்ள நிலாவரைக் கிணற்றில் எலுமிச்சம்பழம் போட்டா, அது கீரிமலைக் கேணியில் வந்து மிதக்கும்னு ஒரு பேச்சு உண்டு. பழம் வருதோ இல்லையோ, குயின்லன் சாயத்தை வெச்சுக் கேட்டதும் இதே கேள்வியைத்தான்.

நாளைக்கு உங்கள்ல யாராவது ஒரு சைட்டில் செப்டிக் டேங்க் எங்கே, மழைநீர் வடிகால் எங்கேன்னு முடிவு பண்ற இடத்தில் இருப்பீங்க. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க. அடியில் என்ன பாறை? இங்கே விடுற தண்ணி யார் வீட்டுக் கிணற்றில் வரும்?