மரையும் ஈயமும்

கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக மலையேறி, நுவரெலியாவையும் கடந்து, அந்திப் பொழுதில் ஹோட்டன் சமவெளியை அடைபவர், பனி படர்ந்த புல்வெளியின் ஓரத்தில், கழுத்து மயிர் சிலிர்க்க, ஈர மூக்கைக் காற்றில் உயர்த்தி நிற்கும் மரையைக் காணலாம். தமிழகத்தார் கடமான் என்றும் சிங்களவர் கோனா என்றும் அழைக்கும் இப்பிராணியை, இலங்கையிலிருந்த ஆங்கிலேயர் ‘எல்க்’ என்றே குறித்தனர். பெயர் பிழையாயினும், 200 கிலோகிராமையும் தாண்டும் அச்சரீரத்தை வீழ்த்தத் தக்க ரவை எது என்னும் வினா, அமெரிக்காவில் எல்க் எனப்படும் மானை வேட்டையாடுவோர் இன்றும் ஆராய்வதேயாகும்.

1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்த வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர், மலைக்காட்டின் அடர்த்தியிலே மரையை நாய்களால் மறித்துக் கத்தியாலேயே கொன்றவராயினும், ரவையைப் பற்றி ஆயுள் முழுதும் சிந்தித்தவர். யானைக்கு ஈயத்தைக் கடினமாக்க வேண்டும், பெருமான்களுக்கோ தூய ஈயத்தாலான கனத்த ரவையே தகும் என்பது, 1890இல் வெளிவந்த அவரது நூலில் காணும் முதிர்ந்த அபிப்பிராயம். அவர் விரும்பிய ரவை 0.577 அங்குல விட்டமும் ஏறத்தாழ 42 கிராம் நிறையும் உடையது.

நிறைக்கு அத்துணை மதிப்பு ஏன்? வேகம் இருமடங்கானால் இயக்க சக்தி நான்கு மடங்காகும். நிறை இருமடங்கானாலோ சக்தியும் இருமடங்கே. எனினும் இலேசான ரவையின் வேகத்தைக் காற்றும் தசையும் விரைவில் தின்றுவிடுகின்றன. உருண்டைக் குண்டொன்றின் விட்டத்தை இரட்டித்தால், எதிர்ப்பை ஏற்கும் முகப்பு நான்கு மடங்காக, நிறையோ எட்டு மடங்காகிறது. முகப்பின் ஒவ்வொரு சதுர அங்குலத்துக்குப் பின்னும் இருமடங்கு பாரம் நின்று உந்துவதால், குண்டு ஆழச் செல்கிறது.

இனி உறுதி. தூய ஈயத்தை நகத்தால் கீறினால் வெள்ளிக்கோடு விழும். சிறிது வெள்ளீயம் கலந்தாலோ நகம் வழுக்கத் தொடங்கும். இச்சிறு வேற்றுமையே காட்டில் உயிரின் முடிவை நிர்ணயிக்கிறது. கடினமான ரவை மெல்லிய துளையிட்டு மறுபுறம் போய்விடும். மிதமிஞ்சி மென்மையானது தோள் எலும்பில் சிதறி மேற்காயமே செய்யும். அளவாக மலர்ந்து, காளானைப்போல் விரிந்தும் உடையாது உள்ளே செல்வதே தன் சக்தி முழுவதையும் இதயத்தினருகே செலவிடும். புகையற்ற வெடிமருந்து வேகத்தைப் பெருக்கியபின் ஈயத்துக்குச் செம்புக் கவசம் வேண்டியதாயிற்று. 1946இல் கனடாவில் மூஸ் என்னும் பெருமான் ஒன்றன்மேல் தம் ரவைகள் சிதறக் கண்ட வேட்டைக்காரர் ஜோன் நோஸ்லர், முன்பாதி மலரவும் பின்பாதி குலையாதிருக்கவும் நடுவே ஒரு தடுப்புச் சுவரை அமைத்தார்.

விரியும் ரவையைப் போரில் மனிதர்மேல் ஏவலாகாதென 1899இல் ஹேக் நகரில் நாடுகள் உடன்பட்டன. விலங்குக்கோ அதுவே வேதனையைச் சுருக்குவது. ஆக, நிறையும் உறுதியும் பற்றிய இவ்வாராய்ச்சி அனைத்தும் சாவைக் கணப்பொழுதாக்கும் முயற்சியே.

ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. மரையைக் கொல்வது சட்டத்துக்கு விரோதம். ஆயினும் நாட்டின் காட்டோரங்களில் கட்டுத்துவக்கு இன்னும் ஒளிந்திருக்கிறது. ஒற்றையடிப் பாதையின் குறுக்கே இழுத்த கயிறு காலில் தட்டியதும் இரும்புத் துணுக்குகளை உமிழும் அதற்கு, நிறையின் கணக்குமில்லை, குறியுமில்லை. தொடை சிதைந்த மரை நீரோடையைத் தேடி நொண்டிச் சென்று, நாட்கணக்கில் சாகிறது. ஒரு சாவைக் கணப்பொழுதாக்க எத்தனை நுட்பங்கள் ஒன்றுகூட வேண்டும் என்று அறிந்தவர் எவரும், அக்கயிற்றைக் கட்டக் கை நீட்டார். கண்ட இடத்தில் அதனை அவிழ்க்கச் செய்யாது அப்பால் செல்லவும் மாட்டார்.