விளையாட்டுப் பெட்டியும் வெறுந்திரையும்

கோடை விடுமுறை தொடங்கிய இரண்டாம் நாளே துறையூர்ப் பக்கத்து இல்லங்கள் பலவற்றில் பரணுக்கு ஏணி சாத்தப்படுகிறது. செய்தித்தாளில் சுற்றி அட்டைப் பெட்டிக்குள் வைத்திருந்த பழைய வீடியோ கேம் கீழே இறங்குகிறது. ஒரு காலத்தில் சித்தப்பா விளையாடியது. இன்று அண்ணன் பிள்ளைகளுக்கு வந்து சேர்கிறது. வேறு சில இல்லங்களிலோ, சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் விடுப்பில் வந்த தந்தை, சோப்புக்கும் போர்வைக்கும் நடுவே புதிய கருவி ஒன்றைப் பத்திரமாகக் கொண்டுவந்திருப்பார். பழையதாயினும் புதியதாயினும் முடிவு பல வேளைகளில் ஒன்றாகவே இருக்கிறது. கருவியில் விளக்கு எரிகிறது. தொலைக்காட்சிப் பெட்டியும் ஓடுகிறது. படத்தை மட்டும் காணோம். வெறுந்திரை நம்மைப் பார்க்கிறது. நாம் வெறுந்திரையைப் பார்க்கிறோம்.

அடுத்து நடப்பது யாது? விசாரணைக்கு முன்பே தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகிறது. "நீ கண்டபடி பிடுங்கினதாலேதான் கெட்டுப்போச்சு" என்று பையன் முதுகில் ஓர் அடி விழுகிறது. செட்டாப் பெட்டியின் ஒயரையும் அவன் கழற்றிவிட்டபடியால், மாலைத் தொடர் வராமல் பாட்டியின் கோபமும் சேர்ந்துகொள்கிறது. தந்தை கடைக்குப் போய்க் கேட்டால், "பெட்டி பழசு சார், மாத்திடுங்க, தவணை இருக்கு" என்ற விடை ஆயத்தமாக இருக்கிறது. நானறிந்த கூலித்தொழிலாளர் குடும்பம் ஒன்று, அவ்வாறு தவணைத் தாளில் கையெழுத்திடும் தறுவாயில் இருந்தது. அன்று மாலை பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவர் ஒருவர் வந்து, மஞ்சள் ஒயரை ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு மாற்றினார். படம் வந்துவிட்டது. ஓராண்டுத் தவணை மிச்சமாயிற்று. பையன் வாங்கிய அடியைத்தான் திரும்பப் பெற வழியில்லை.

இத்தகைய வழக்குகளில் கருவியும் பெட்டியும் பெரும்பாலும் நலமாகவே இருக்கின்றன. ஒன்று பேசும் மொழியை மற்றொன்று கேட்கும் இடத்தில் இல்லாமையே பிழை. இது விளங்க வேண்டுமானால் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

1966ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் பேர் என்பவர், தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு மட்டும் இராமல் அதில் விளையாடவும் செய்யலாமே என்று எண்ணினார். ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1938இல் அந்நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தவர் அவர். அவரது எண்ணம் 1972இல் 'மேக்னவாக்ஸ் ஒடிசி' என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் தொடங்கியதே 1975 ஆகஸ்ட் 15இல்தான். நாம் தொலைக்காட்சியைக் காண்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே அங்கே அதில் விளையாடத் தொடங்கிவிட்டார்கள்!

அக்காலப் பெட்டிக்கு வெளியுலகத்தோடு இருந்த வாசல் ஒன்றே ஒன்றுதான். அதுவே ஆன்டெனாத் துளை. அவ்வழியே நுழைய வேண்டியிருந்ததால், விளையாட்டுக் கருவி தன்னை ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையமாக ஆக்கிக்கொண்டது. அமெரிக்காவில் அது 3ஆம் அல்லது 4ஆம் சேனலில் தன் படத்தை அனுப்பியது. 1983இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஃபேமிகாம்' கருவியும், அதைப் பார்த்துச் செய்யப்பட்டு 1990களில் நம் ஊர்க் கடைகளை நிரப்பிய மலிவான கருவிகளும் இதே வழியைப் பின்பற்றின. ஒரே கேசட்டில் 9999 ஆட்டங்கள் என்று அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். சில ஆட்டங்களே பெயர் மாறிப் பெயர் மாறி மீண்டும் வரும் என்பது விளையாடிய பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த இரகசியம்.

ஆகவே, ஆன்டெனாத் துளையில் ஒயரைச் சொருகியதும் படம் தானே வந்துவிடும் என்று எதிர்பார்ப்பது தவறு. வானொலியில் நிலையத்தைத் தேடிப் பிடிப்பது போலவே இதையும் தேடிப் பிடிக்கவேண்டும். கேசட்டைப் போட்டுக் கருவியை ஓடவிட்டபடியே, தொலைக்காட்சியில் சேனல் தேடும் பகுதிக்குச் சென்று தேடச் செய்க. புதிய எல்.இ.டி. பெட்டியானால் 'அனலாக்' என்பதைத் தேர்ந்தெடுத்த பின்னரே தேடவேண்டும்; 'டிஜிட்டல்' தேடலில் இக்குட்டி நிலையம் அகப்படாது.

சில வேளைகளில் படம் வரும். ஆனால் நிறமின்றிக் கறுப்பு வெள்ளையாக வரும், அல்லது மேலும் கீழும் உருண்டோடும். இதுவும் பழுதன்று. இந்தியா ஏற்றுக்கொண்ட வண்ண முறை 'பால்' எனப்படுவது. ஒரு படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். அமெரிக்காவும் ஜப்பானும் கொண்டது 'என்.டி.எஸ்.சி.' முறை, அதில் 525 கோடுகள், நொடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். அம்முறைக்கென்று செய்யப்பட்ட கருவியை நம் பெட்டியில் இணைத்தால் இருவரும் ஒருவரையொருவர் அரைகுறையாகவே புரிந்துகொள்வர். பிற்காலப் பெட்டிகள் பலவற்றில் வண்ண முறையை 'ஆட்டோ' என்று வைத்தால் போதும்.

கேசட்டை வாயால் ஊதும் வழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊதியதும் படம் வந்தால், அது ஊதலின் வலிமையன்று; கழற்றி மீண்டும் சொருகியதன் பயனே. வாயின் ஈரமோ நாளடைவில் செம்பு முனைகளைக் களிம்பேற்றிக் கெடுக்கும். சுத்தமான ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு முனைகளைத் துடைத்து, நன்கு உலர்ந்தபின் சொருகுவதே முறை.

மஞ்சள், வெள்ளை, சிவப்பு

2006 முதல் 2011 வரை தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட இல்லங்களுக்கு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கியது. அக்காலத்துப் பெட்டிகளில் ஆன்டெனாத் துளையோடு மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகளும் இருந்தன. மஞ்சள் படத்துக்கு, வெள்ளை இடப்பக்க ஒலிக்கு, சிவப்பு வலப்பக்க ஒலிக்கு. ஒலி வந்து படம் வராவிட்டால் மஞ்சளைக் கவனிக்க. எல்லாம் சரியாகச் சொருகியும் ஒன்றும் வரவில்லையா? ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'ஏ.வி.' என்னும் பொத்தானை அழுத்தி, பெட்டி எந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று காண்க. முன்வாசலில் விருந்தினர் நிற்க, நாம் கொல்லைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பதுபோல், பெட்டி வேறு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். பாதி வழக்கு இந்த ஒரு பொத்தானில் தீர்ந்துவிடும்.

எல்.இ.டி. பெட்டிகளில் புதியதொரு குழப்பம் சேர்ந்தது. சிலவற்றில் பச்சை, நீலம், சிவப்பு என மூன்று படத் துளைகளும், அவற்றை அடுத்து ஒலிக்கென மற்றொரு சிவப்பும் உண்டு. சிவப்பைக் கண்டதும் சிவப்பைச் சொருகினால் தவறான துளைக்குள் போய்விடும். மஞ்சளுக்கெனத் தனித்துளை இல்லாத பெட்டிகளில் பச்சையே மஞ்சளின் வேலையையும் பார்க்கும். துளையின் ஓரத்தில் பாதி பச்சை, பாதி மஞ்சள் வளையம் தீட்டியிருப்பார்கள். மேலே சொன்ன குடும்பத்தில் நிகழ்ந்தது இதுவே. வேறு சில பெட்டிகளில் செல்போன் ஹெட்ஃபோன் துளை போன்ற சிறு துளை ஒன்றே இருக்கும். அதற்குரிய ஒயர் பெட்டியோடு வந்திருக்கும். கடையில் வாங்கும் எல்லா ஒயரும் அதற்குப் பொருந்துவதில்லை, உள்ளே இணைப்பின் வரிசை மாறுபடும்.

இத்துளைகளே இல்லாத புதுப்பெட்டிக்கு 'கன்வர்ட்டர்' என்னும் சிறு பெட்டி உண்டு. திருச்சிச் சிங்காரத்தோப்புக்குப் போகும்போது கவனமாகக் கேட்டு வாங்குக. 'ஏ.வி.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.' என்பது ஒன்று, 'எச்.டி.எம்.ஐ.யிலிருந்து ஏ.வி.' என்பது வேறொன்று. இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போலிருக்கும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. பழைய கருவிக்கு வேண்டியது முன்னது. அதற்குத் தனியே யு.எஸ்.பி. வழியாக மின்சாரமும் கொடுக்கவேண்டும்.

எது பழுது என்று தெளிவாக அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அதே துளையில், அதே ஒயரில் செட்டாப் பெட்டியை இணைத்துப் பாருங்கள். படம் வந்தால் துளையும் ஒயரும் குற்றமற்றவை. கருவியையோ அதன் அடாப்டரையோ சோதிக்கவேண்டும். வராவிட்டால் வேறு ஒயர் ஒன்றை மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. நான்கையும் ஒருசேர மாற்றினால், படம் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது.

வெளிநாட்டிலிருந்து வந்தவை

புதிய கருவிகள் எச்.டி.எம்.ஐ. என்னும் ஒற்றை ஒயரால் இணைகின்றன. 2002இன் இறுதியில் வகுக்கப்பட்ட இம்முறையில் ஒரு தலைக்குள் 19 ஊசிகள். படம் அனுப்பும் முன் இங்கே ஓர் உரையாடல் நடைபெறுகிறது. "நான் இவ்வளவு நுட்பமான படத்தைத்தான் காட்ட இயலும்" என்று தொலைக்காட்சி சொல்கிறது. கருவி அதற்கேற்ப அனுப்புகிறது. தந்தை துபாய் அறையில் பெரிய திரைக்கென்று கைப்பட அமைத்துவைத்த அளவு, துறையூர் வீட்டுச் சிறிய பெட்டிக்குப் பொருந்தாவிடில் திரை கறுத்தே இருக்கும். ஒயரைக் கழற்றி மாட்டினாலும் பயனில்லை. கருவியின் பழைய நினைவை அகற்றவேண்டும்.

பிளேஸ்டேஷன் 4, 5 ஆகியவற்றை முழுவதும் நிறுத்திவிட்டு, மின்பொத்தானை விடாது அழுத்திக்கொண்டிருங்கள். முதல் 'பீப்' ஒலி கேட்கும், விடவேண்டாம். ஏறத்தாழ ஏழு நொடிகளில் இரண்டாவது ஒலி கேட்டதும் விடுக. கையிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவியை ஒயரால் இணைத்தால், படத்தின் அளவை மாற்றும் வழி திரையில் தோன்றும். பிளேஸ்டேஷன் 3இலும் இரண்டாவது ஒலிவரை அழுத்தினால் பட அமைப்பு தொடக்க நிலைக்குத் திரும்பும். எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியில் மின்பொத்தானையும் தட்டை வெளித்தள்ளும் பொத்தானையும் சேர்த்து இரண்டாம் ஒலிவரை அழுத்தவேண்டும். நின்டெண்டோ ஸ்விட்சின் கதை வேறு. அதன் தாங்கிக்கு உரிய அடாப்டரைக் கொடுக்காமல் செல்போன் சார்ஜரை மாட்டினால், விளக்கு எரிந்தாலும் தொலைக்காட்சிக்குப் படம் போகாமல் நின்றுவிடக்கூடும்.

இவ்வளவு செய்தும் வராவிட்டால் துளைக்குள் விளக்கடித்துப் பாருங்கள். ஒயர் தடுக்கிக் கருவி கீழே விழுந்திருந்தால், ஊசி வளைந்தோ பற்றவைப்பு விட்டோ போயிருக்கும். அதைச் சரிசெய்ய நுண்ணிய பற்றவைப்பு தெரிந்தவர் வேண்டும்; அத்துளையை மட்டும் மாற்றுவதற்கு ஆகும் கூலியைக் கேட்டறியாமல் கருவியைக் கழித்துவிட வேண்டாம்.

மின்சாரத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். அமெரிக்கக் கருவி 120 வோல்ட்டுக்கும், ஜப்பானியக் கருவி 100 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டிருக்கலாம். நம் வீட்டிலோ 230 வோல்ட். அடாப்டரின் மேல் '100-240' என்று அச்சிட்டிருந்தால் அச்சமில்லை. பழைய கருவிகளில் அடாப்டர் முனையின் நடுப்பகுதி சிலவற்றில் நேர்மின்னாகவும் சிலவற்றில் எதிர்மின்னாகவும் இருக்கும். பொருந்துகிறதே என்று வேறொன்றைச் சொருகினால் கருவி கருகிப்போகும். ஐப்பசி கார்த்திகையில் இடி இடிக்கும்போது கேபிள் ஒயரையும் எச்.டி.எம்.ஐ. ஒயரையும் கழற்றிவைப்பது நன்று; மின்னலின் தாக்கம் கேபிள் வழியே வந்து இத்துளைகளை எரித்துவிடக்கூடும்.

"கேம் விளையாடினால் பிக்சர் டியூப் போய்விடும்" என்னும் பெரியவர்களின் எச்சரிக்கையைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை நம் ஊரில் இல்லை. அதில் ஒரு துளி உண்மை உண்டு. அசையாத படத்தை மிகுந்த வெளிச்சத்தில் பல மணி நேரம் நிறுத்திவைத்தால், திரையின் உட்புறப் பாஸ்பர் பூச்சில் அதன் நிழல் தங்கிவிடும். மாலையில் ஒரு மணி நேரம் ஆடுவதால் டியூபுக்கு ஒன்றும் நேராது. பிள்ளையை எழுப்பிப் படிக்க அனுப்பவேண்டுமானால் பெற்றோர் வேறு நல்ல காரணம் தேடிக்கொள்ளட்டும்!

ஒரே ஒரு கோளாறுக்கு மட்டும் பரிகாரம் கிடையாது. பழைய கருவியோடு வந்த துப்பாக்கியால் எல்.இ.டி. திரையில் வாத்து விழாது. விசையை இழுத்த கணத்தில் திரை ஒரு நொடியின் சிறு பங்கு கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெண்மையாகும். துப்பாக்கியின் முனையிலுள்ள உணர்கருவி அவ்வெண்மையைக் கண்டால் குறி தப்பவில்லை என்று பொருள். டியூப் பெட்டி அதை உடனே காட்டும். எல்.இ.டி. பெட்டியோ படத்தைச் சீராக்கிக் காட்டுவதற்குள் அக்கணம் கடந்துவிடும். எத்தனை கன்வர்ட்டர் வாங்கினாலும் இது மாறாது. அரசு கொடுத்த அந்த 14 அங்குலப் பெட்டி இன்னும் வீட்டின் மூலையில் இருக்குமானால், பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்குமுன் அதில் இணைத்துப் பாருங்கள். ஓடாவிட்டால் பின்மூடியைக் கழற்றிப் பார்க்கும் ஆவல் மட்டும் வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் பல ஆயிரம் வோல்ட் அந்த டியூபில் தங்கியிருக்கும்.