வீட்டு அடுப்படி – 9
ஓவன் இல்லாத வீட்டில் கேக்

சாம்பாரில் உப்பு குறைந்தால் இறக்கும்போது போட்டுக்கொள்ளலாம். புளி தூக்கலாகிவிட்டால் ஒரு துண்டு வெல்லம். ரசம் காரமென்றால் இன்னொரு கரண்டி பருப்புத் தண்ணீர். நம் சமையலில் கடைசி நிமிடம்வரை சரிக்கட்ட வழி உண்டு. கேக்கில் கிடையாது. அடுப்பில் ஏற்றி மூடிவிட்டால் முடிந்தது. தீர்மானிக்க வேண்டியதையெல்லாம் அதற்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.

அதனால்தான் கேக் செய்யும் அன்று வீட்டில் அதிகாரம் கைமாறுகிறது. கண்ணளவில் நூறு பேருக்குச் சமைத்தவர்கள் தயங்கி நிற்பார்கள். ஸ்பூனைத் தட்டையாக வழித்து அளக்கத் தெரிந்த பத்து வயதுப் பிள்ளை முன்னே வந்துவிடும். எங்கள் வீட்டில் நடந்த பேச்சு இது:

"ஆச்சி, சோடாவைக் குமிச்சு எடுக்காதீங்க. வழிச்சு எடுக்கணும்."

"அளவு பாத்தா நான் இத்தனை வருசமா சமைச்சேன், ஏட்டி?"

"இது சாம்பார் இல்ல ஆச்சி!"

பேத்தி சொன்னது நியாயம். சமையல் சோடா கூடினால் கேக் சோப்பு மாதிரி கசக்கும். முதலில் பொங்கிவிட்டுப் பிறகு நடுவில் அமுங்கிப்போகும்.

சென்ற வாரம் ஆவியில் வேகும் பண்டங்களைப் பார்த்தோம். இட்லிப் பானையின் ஆவி 100 டிகிரிக்கு மேல் போகாது. குக்கரில் வெயிட் போட்டு அழுத்தம் ஏற்றினால் சுமார் 120 டிகிரி. கேக் கேட்பதோ 170, 180 டிகிரி சூடு. அதுவும் உலர்ந்த சூடு. அந்தச் சூட்டைத் தண்ணீர் இல்லாத குக்கரே தந்துவிடும். அடியில் ஒரு அங்குல உயரத்துக்குக் கல்லுப்பு அல்லது சலித்துக் கழுவிக் காயவைத்த மணல். அதன்மேல் ஒரு ஸ்டாண்ட். மூடியிலிருந்து கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும். இதை மறக்கவே கூடாது. உப்பு இருப்பதால் தீயின் சூடு ஒரே இடத்தில் தாக்காமல் பரவும். இதற்குப் புதுக் குக்கரைப் பாழாக்க வேண்டாம். பரணில் கிடக்கும் பழையதோ, அடிகனமான பாத்திரமோ போதும். அந்த உப்பை ஆறவைத்து டப்பாவில் போட்டுவைத்தால் அடுத்த கேக்குக்கும் ஆகும், குழம்புக்கு எடுக்காதீர்கள்.

ஒரே ஒரு குறை, மேல்பக்கம் சிவக்காது. பிரியாணிக்குத் தம் போடுகிறவர்கள் மூடிமேல் தணலைக் கொட்டுவது மேலிருந்தும் சூடு இறங்கட்டும் என்றுதான். குக்கருக்கு அந்த வசதி இல்லை. ஆறியதும் கவிழ்த்துப் பரிமாறுங்கள். சிவந்த அடிப்பாகம் மேலே வந்துவிடும்.

இனி அளவு. முட்டை, வெண்ணெய் எதுவும் இல்லாத தயிர் கேக்கிலிருந்து தொடங்குவது சுலபம். 240 மில்லி பிடிக்கும் கப்பில் மைதா ஒன்றரை, கெட்டித் தயிர் ஒன்று, பொடித்த சர்க்கரை முக்கால், வாசனையில்லாத எண்ணெய் அரை. பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், வெனிலா எசென்ஸ் ஒரு டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு.

வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். மைதாவையும் பேக்கிங் பவுடரையும் உப்பையும் சேர்த்து இரண்டு முறை சலிப்பது ஒருவர். டின்னில் எண்ணெய் தடவி மாவு தூவி வைப்பது ஒருவர். குக்கரைப் பத்து நிமிடம் மிதமான தீயில் காயவைப்பது பெரியவர் வேலை. தயிரில் சோடா கலப்பது மட்டும் சின்னவர்களுக்கே. தயிரின் புளிப்பு பட்டதும் சோடா கரியமில வாயுவை விடும்; ஐந்து நிமிடத்தில் தயிர் நுரைத்து எழும். பள்ளிக்கூடத்தில் அமிலம், காரம் என்று படித்தது கண்ணெதிரே நடக்கும்.

அதில் சர்க்கரை, எண்ணெய், எசென்ஸ் கலந்து, கடைசியாக மாவு. இங்கேதான் கை கட்டுப்பட வேண்டும். பரோட்டா மாஸ்டர் மைதாவை அடித்துப் பிசைவது அதிலுள்ள குளூட்டன் இழுவை கொடுக்க வேண்டும் என்பதற்காக. கேக்குக்கு அந்த இழுவை ஆகாது. மாவு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்ததும் கரண்டியை வைத்துவிடுங்கள். சின்னக் கட்டி ஒன்றிரண்டு இருந்தாலும் பாதகமில்லை. கலந்த மாவைக் காக்கவைக்கவும் கூடாது, வாயு வெளியேறிவிடும். டின்னில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல் உடனே உள்ளே வையுங்கள்.

சிறு தீயில் 40 முதல் 50 நிமிடம். முதல் அரைமணி நேரம் யாரும் மூடியைத் தொடக் கூடாது. மாவு வெந்து உறைவதற்குள் சூடு தணிந்தால் எழும்பியது உட்கார்ந்துவிடும். பிறகு ஈர்க்குச்சியை நடுவில் குத்திப் பாருங்கள். மாவு ஒட்டாமல் வந்தால் இறக்கலாம். முழுக்க ஆறிய பிறகே வெட்ட வேண்டும், இல்லையென்றால் உதிரும்.

மைதா வேண்டாம் என்பவர்கள் பாதிக்குப் பாதி கோதுமை மாவு சேர்க்கலாம். தவிடு நீரை இழுக்கும் என்பதால் இரண்டு மூன்று கரண்டி பால் கூடுதலாக வேண்டும். கேழ்வரகில் குளூட்டனே இல்லை; அதை மட்டும் போட்டால் கேக் நிற்காமல் உதிர்ந்துபோகும். மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்துங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது கெடுத்தது, எது காப்பாற்றியது என்று தெரியாது.

அந்த மாற்றத்தை ஒரு நோட்டில் எழுதும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள். கைப்பக்குவம் வர வருஷங்கள் ஆகும். அதுவரை நம் அடுப்படியில் பிள்ளைகளுக்குக் கிடைப்பது வெங்காயம் உரிக்கும் வேலைதான். எழுதிவைத்த அளவோ, வாசிக்கத் தெரிந்த யாரையும் முதல் நாளே சமையல்காரர் ஆக்கிவிடுகிறது. ஆச்சியின் மீன்குழம்புக்கும் அந்த நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கள். அவர் கண்ணளவில் அள்ளிப் போடும்போது, பேத்தி ஸ்பூனோடு பக்கத்தில் நிற்கட்டும்.

(தொடரும்)

அடுத்த வாரம்: முட்டையும் வெண்ணெயும் சேரும்போது கேக்கில் என்ன மாறுகிறது?