தொண்டைக்குப் பனங்கற்கண்டு போதாது

மார்கழி சீசன் நெருங்கினால் பாடகர்கள் வீட்டில் சித்தரத்தையும் அதிமதுரமும் மிளகும் அடுப்பேறிவிடும். ஐஸ் தண்ணீர் கூடாது, தயிர் கூடாது, புளிப்பு கூடாது. மேடைக்கு ஃபிளாஸ்கில் வெந்நீர், வாயில் ஒரு துண்டு பனங்கற்கண்டு. குரலைக் காப்பாற்றுவது என்றதும் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பத்தியம்தான். இதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சூடான கஷாயம் வறண்ட தொண்டைக்கு இதமாகவே இருக்கும். ஆனால் பாடகரின் குரலைப் பெரும்பாலும் கெடுப்பது அவர் சாப்பிடும் பொருள் அல்ல. எவ்வளவு நேரம் பாடுகிறார், எந்தச் சுருதியில் பாடுகிறார், எவ்வளவு உரக்கப் பாடுகிறார், முடியாதபோது நிறுத்துகிறாரா என்பவைதான் குரலின் ஆயுளை முடிவு செய்கின்றன. பத்தியத்துக்குக் காட்டும் கவனத்தில் பாதியைக்கூட நாம் இவற்றுக்குக் காட்டுவதில்லை.

நாம் விழுங்கும் எதுவும் குரல்நாண்களைத் தொடுவதில்லை. விழுங்கும் நொடியில் குரல்வளை மூடிக்கொள்கிறது. தேனும் பாலும் கஷாயமும் பின்பக்கமாக உணவுக்குழாயில் இறங்கிவிடுகின்றன. ஒரு சொட்டு தவறிப்போனாலும் புரையேறிவிடும். தண்ணீர் குடிப்பது அவசியம்தான், ஆனால் அது உடம்பு முழுக்கப் பரவிய பிறகே நாண்களின் ஈரப்பதத்துக்கு உதவும்; மேடையில் குடிக்கும் ஒரு மிடறால் பெரிதாக எதுவும் ஆகாது. நேரடியாக நாண்களுக்குப் போய்ச் சேருவது காற்று மட்டுமே. அதனால்தான் ஆவி பிடித்தால் பலன் தெரிகிறது. சபா அரங்கின் வறண்ட ஏ.சி. காற்றும் சிகரெட் புகையும் கெடுதல் செய்வதும் அதே காரணத்தால்தான்.

அந்த நாண்களை உயிருள்ள மனிதரிடம் தெளிவாகப் பார்த்து ஆராய்ந்து எழுதியவர் ஒரு மருத்துவர் அல்ல, ஒரு பாட்டு வாத்தியார். ஸ்பெயினைச் சேர்ந்த மானுவல் கார்சியா 1854-இல் பல் வைத்தியரின் சிறு கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் சூரிய ஒளியை உள்ளே திருப்பி, தன் குரல்வளையைத் தானே பார்த்தார். அடுத்த ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்கு அதைப் பற்றிக் கட்டுரை அனுப்பினார். இன்று காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் செய்யும் குரல்வளைப் பரிசோதனையின் தொடக்கம் அதுதான். அவர் பார்த்தது, ஒன்றரை சென்டிமீட்டர் அளவுள்ள, மெல்லிய சவ்வு போர்த்திய இரண்டு தசை மடிப்புகளை. ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் ஒரு பெண் மத்திய ஸ்தாயி ஷட்ஜத்தைப் பிடிக்கும்போது இவை நொடிக்குச் சுமார் 196 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. மேல் ஷட்ஜத்தில் 392 முறை. அங்கிருந்து மேல் பஞ்சமத்துக்குப் போனால் 590-ஐ நெருங்குகிறது. சராசரி 250 என்று குறைத்து வைத்துக்கொண்டாலும், வயலினும் தனி ஆவர்த்தனமும் போக ஒரு மணி நேரம் வாய் திறந்து பாடினால் ஒன்பது லட்சம் மோதல்கள். உரக்கப் பாடப் பாட ஒவ்வொரு மோதலின் வேகமும் கூடுகிறது. முதலில் மோதும் இடம் வீங்குகிறது. அந்த வீக்கம் வடிய விடாமல் நாள்தோறும் பாடினால், மண்வெட்டி பிடிப்பவரின் உள்ளங்கை காய்த்துப்போவதுபோல அங்கே முடிச்சு விழுகிறது. இரண்டு நாண்களும் சரியாகச் சேராமல் இடையில் காற்று கசிகிறது. பிருகா உதிராமல் தடுக்குகிறது. மேல் ஸ்தாயியில் மெல்லப் பாட வராமல், அழுத்தினால்தான் வருகிறது. அனுபவமுள்ள பாடகருக்கு இந்தக் கடைசி அறிகுறி ஒன்றே போதும்.

இதிலிருந்துதான் சுருதியின் முக்கியத்துவம் விளங்கும். நம் சங்கீதத்தில் ஆதார சுருதியைப் பாடகரே தேர்ந்தெடுக்கலாம். எழுதிவைத்த ஸ்தாயியிலேயே பாடியாக வேண்டிய மேற்கத்திய ஆபரா பாடகருக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆனாலும் பெண் என்றால் ஐந்து, ஐந்தரை கட்டை என்று ஒரு கணக்கு, கட்டை இறங்கினால் கெளரவக் குறைச்சல் என்று ஒரு எண்ணம். எம்.டி. ராமநாதன் தன் கனத்த சாரீரத்துக்கு ஏற்பத் தாழ்ந்த சுருதியையும் நிதானமான காலப்பிரமாணத்தையும் வைத்துக்கொண்டார். அவர் காலத்தில் அதைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. இன்று அந்தப் பாணிக்கென்றே ரசிகர்கள் இருக்கிறார்கள். வயது ஏற ஏறக் குரலின் மேல் எல்லை தணிவது உடம்பின் இயல்பு. அரைக் கட்டை இறங்கிப் பாடுவதைத் தோல்வியாக நினைக்கும் வழக்கம் போக வேண்டும்.

மைக் வந்த பிறகு உரக்கப் பாட வேண்டிய தேவை இல்லையே என்று கேட்கலாம். தேவை இல்லைதான், ஆனாலும் பாடுகிறோம். சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார் என்பதை எதியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே விளக்கிவிட்டார். மிருதங்கமும் கஞ்சிராவும் காதருகில் அதிர, மானிட்டர் ஸ்பீக்கரில் தன் குரல் கேட்காவிட்டால், எந்தப் பாடகரும் கத்தத்தான் செய்வார். அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்குச் சரியாகக் கேட்கும். மேடையில் இருப்பவருக்குத் தொண்டை தேயும். கச்சேரிக்கு முன் சவுண்ட் செக்கில் பத்து நிமிஷம் செலவழிப்பது ஒரு மாதக் கஷாயத்தைவிட மேலான வைத்தியம். கச்சேரி முடிந்தபின் கூட்டத்தின் இரைச்சலில் நின்று எல்லோரிடமும் பேசுவதும், மறுநாள் காலையிலிருந்து மாணவர்களுக்கு வரிசையாகப் பாடிக் காட்டி வகுப்பெடுப்பதும் இதே கணக்கில்தான் சேரும். நாண்களுக்குப் பேச்சு வேறு, பாட்டு வேறு என்று தெரியாது.

பழைய காலத்தவர்கள் மைக்கே இல்லாமல் பாடினார்களே, விடியற்காலையில் அகார சாதகம் செய்துதானே தொண்டையை உரமாக்கினார்கள் என்பது வலுவான ஆட்சேபம். இயல்பாகவே இழையும் குரல் வாய்க்காத செம்மங்குடி சீனிவாச ஐயர் சாதகத்தாலேயே அதை வசப்படுத்தி எண்பது வயதைத் தாண்டியும் மேடையேறினார். இது உண்மை, ஆனால் இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. நிலைத்தவர்களின் பெயர்தான் நமக்குத் தெரியும். தொண்டை போய்ப் பாட்டை விட்டவர்களைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை. இன்னொன்று, முறையான சாதகம் கத்துவதே அல்ல. காலையில் மந்திர ஸ்தாயியில் மெல்லத் தொடங்கி, மூச்சை நிலைப்படுத்தி, படிப்படியாக மேலே போவதுதான் பழைய பாடம். அமெரிக்கக் குரல் அறிவியலாளர் இங்கோ டிட்சா ஒரு மெல்லிய ஸ்ட்ராவுக்குள் ஊதியபடி ஸ்வரம் பிடிக்கும் பயிற்சியைப் பரப்பினார். வாயில் தடுக்கப்படும் காற்றின் அழுத்தம் நாண்களின் மோதலைத் தணிக்கும் என்பது அதன் அடிப்படை. வாயை மூடி ‘ம்’ என்று சுருதி பிடிக்கும் நம் வழக்கமும் அதற்குப் பக்கத்தில் வருகிறது. சாதகம் தசையைப் பழக்கும், மூச்சைச் சீராக்கும். வீங்கிய சவ்வின் மேல் செய்யும் சாதகம் மட்டும் எந்த உரத்தையும் தராது.

சினிமாப் பக்கம் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தைக் காட்டுவார்கள். ஐஸ்கிரீம், குளிர்ந்த நீர் எதையும் தாம் ஒதுக்கியதில்லை என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அது என் வாதத்துக்குத்தான் துணை நிற்கிறது. பத்தியம் இல்லாமலும் குரல் நின்றது. மைக்கோடு இழைந்து, அழுத்தாமல் பாடிய நுட்பம் அதற்குப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

உண்மையான ஆபத்து ஒரே ஒரு நாளில் வருகிறது. தொண்டை கட்டியிருக்கிறது, மாலையில் கச்சேரி, டிக்கெட் விற்றாகிவிட்டது. வீக்கத்தை வடிக்க ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு பாடிவிடலாம்; குரலும் வரும். ஆனால் ஊசி அடிபட்ட நாணை ஆற்றிவிடுவதில்லை, எச்சரிக்கையை மட்டும் அமுக்கிவிடுகிறது. அந்த நிலையில் இழுத்துப் பாடினால் நாணுக்குள் சிறு ரத்தக்குழாய் வெடிக்கலாம். வலிக்கு ஆஸ்பிரின் போட்டிருந்தால் கசிவு இன்னும் அதிகமாகும். பாடகி அடேல் 2011-இல் இப்படி ரத்தக் கசிவு ஏற்பட்டுப் பயணக் கச்சேரிகளை ரத்து செய்தார். அறுவை சிகிச்சையும் மெளனமும் முடிந்து 2012 பிப்ரவரியில் கிராமி மேடையில் பாடினார். 2017-இல் லண்டன் வெம்ப்ளியில் குரல் பழுதானதும் கடைசி இரண்டு நாள் நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டார். எல்லாருக்கும் இப்படி மீள வாய்ப்பதில்லை. பாடகியும் நடிகையுமான ஜூலி ஆண்ட்ரூஸ் 1997-இல் குரல்நாண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு தன் பாட்டுக் குரலைத் திரும்பப் பெறவேயில்லை. ஓய்வு கொடுத்தால் தீரக்கூடியதைக் கத்தி வரைக்கும் கொண்டுபோகக் கூடாது.

ஆகவே பாடுகிறவர்கள் தயவுசெய்து இவற்றைச் செய்யுங்கள். தொண்டை கம்மியிருக்கும் நாளில் பாட வேண்டாம், பேச்சையும் குறையுங்கள். கிசுகிசுத்துச் சமாளிக்க வேண்டாம். அடிக்கடி செருமுவதை விடுங்கள். ஒவ்வொரு செருமலும் நாண்களை முரட்டுத்தனமாக அறைகிறது. கச்சேரி முடிந்து பதினோரு மணிக்குக் காரமாகச் சாப்பிட்டு உடனே படுத்தால் அமிலம் மேலேறிக் குரல்வளையைச் சுடும். இரவுச் சாப்பாட்டை லேசாக்குங்கள். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் நாண்களைப் படமெடுத்துப் பாருங்கள். சபா நிர்வாகிகளே, ஒரே பாடகருக்கு அடுத்தடுத்த நாட்களில் கச்சேரி போடாதீர்கள். உடம்பு சரியில்லாமல் ரத்து செய்பவரை அடுத்த வருஷப் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். ரசிகர்களே, பாடகர் வரவில்லை என்ற அறிவிப்பைக் கேட்டால் கோபப்படாமல் வீட்டுக்குப் போங்கள்.